தண்டவாளம் மறைந்த வழியிலே...

இருப்புப்பாதைகளுக்கும் மாந்தரைப் போலவே பிறப்பும் வளர்ச்சியும் இறப்பும் உண்டு. ஊர் மக்கள் கூடி நின்று ஆரவாரத்துடன் வரவேற்ற புகைவண்டி, வருவாய் குறைந்துவிட்டது என்னும் ஒரே காரணத்தால் ஒருநாள் ஓசையின்றி நின்றுவிடுகிறது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. குறுக்குக் கட்டைகள் வேலிக்கும் விறகுக்கும் ஆகின்றன. எஞ்சுவது, வயல்களின் நடுவே நீண்டு கிடக்கும் மண்கரை ஒன்றுதான். அதன்மீதும் முள்ளும் புதரும் மண்டிவிட, ஒரு தலைமுறை கழிந்தபின், அவ்விடத்தில் வண்டி ஓடியது என்பதையே ஊர் மறந்துவிடுகிறது.

ஆயினும், இறந்த பாதை மீண்டும் உயிர் பெறுவதும் உண்டு. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கோடியில், மேயோ என்னும் மாவட்டத்தில், வெஸ்ட்போர்ட் நகரத்திலிருந்து அக்கில் தீவின் வாயில் வரையில் 42 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தகைய பாதை ஒன்று உளது. 1937ஆம் ஆண்டில் மூடப்பட்ட இருப்புப்பாதையின் தடத்தை ஒட்டியே அமைக்கப்பட்ட இவ்வழியில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோருமே இதற்கு உரிமையாளர். 'கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே' என்று இதற்குப் பெயர். மேற்றிசைப் பெரும் பசுமை வழி என்று நாம் சொல்லலாம்.

டப்ளின் மாநகரில் செவிலியராகப் பணிபுரியும் என் தங்கை மகளுடன், செப்டம்பர் மாதத்தில் இரண்டு நாட்கள் இவ்வழியில் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முதல் நாள் நடந்தோம். மறுநாள் மிதிவண்டியில் சென்றோம். கண்ணுக்கு இனிய காட்சிகளைத் தேடிப் போன எங்களுக்கு, நெஞ்சை விட்டு அகலாத ஒரு வரலாறும் அவ்வழியில் கிடைத்தது. அவ்விரண்டையும் நம் குடும்ப வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஏழைகளுக்காக வந்த புகைவண்டி

மேயோ மாவட்டம் அயர்லாந்தின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதையே உணவாக நம்பியிருந்த மக்கள் பட்டினியால் மாண்டனர். அப்பெரும் பஞ்சத்தில் அயர்லாந்து முழுவதிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் உயிரிழந்தனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டு அகன்றனர். பஞ்சம் நீங்கிய பின்னரும் மேற்குக் கரையில் வறுமை நீங்கவில்லை. நிலம் யாவும் பெருநிலக்கிழார்களுடையது; குத்தகை கட்ட இயலாத குடும்பங்கள் வீதியில் தள்ளப்பட்டன. அக்கொடுமையை எதிர்த்து, மேயோவில் பிறந்த மைக்கேல் டேவிட் என்பார் 1879இல் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் 21ஆம் நாள், அதே மாவட்டத்தின் நாக் என்னும் சிற்றூரில், கோவிற்சுவரின் மேல் தேவ அன்னை காட்சியளித்ததாக ஊர் மக்கள் சாட்சி கூறினர். உலகம் கைவிட்ட ஏழைகளைத் தேடித் தாயானவள் வந்தாள் என்றே அம்மக்கள் இன்றும் நம்புகின்றனர்.

பின்னர் ஆங்கில அரசும் சிறிது கண் திறந்தது. ஆர்தர் பால்ஃபர் என்பவர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த காலத்தில், 1889இல் இலகு இருப்புப்பாதைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வருவாயை எண்ணித் தனியார் எவரும் பாதை அமைக்க முன்வராத வறிய பகுதிகளில், அரசின் பணத்தைக் கொண்டு பாதை அமைப்பதே அதன் நோக்கம். பாதை போடும் வேலையால் மக்களுக்குக் கூலி கிடைக்கும். போட்ட பின்னரோ மீனும் கால்நடையும் விரைவாகச் சந்தைக்குப் போய்ச் சேரும் என்று எண்ணினர். அவ்வாறு அமைந்த பாதைகளுள் ஒன்றே வெஸ்ட்போர்ட்–அக்கில் பாதை. 1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூபோர்ட் வரையிலும், அவ்வாண்டிலேயே மல்ரானி வரையிலும், 1895இல் அக்கில் வரையிலும் பாதை திறக்கப்பட்டது.

மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டே அம்மக்கள் பாறையைப் பிளந்தனர். சதுப்பு நிலத்தில் கல்லும் மண்ணும் கொட்டிக் கரை எழுப்பினர். ஆனால் அவர்கள் அமைத்த பாதை நாற்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்தது. சாலைகள் சீர்பட்டு, மோட்டார் வண்டிகள் பெருகியதும், புகைவண்டிக்கு ஆளும் சரக்கும் குறைந்தன. 1930களின் நடுவில் ஒருமுறை நிறுத்தப்பட்டு, மீண்டும் சிறிது காலம் ஓடிய வண்டி, 1937ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியோடு நிரந்தரமாக நின்றுபோயிற்று.

முதல் நாள்: நடைப் பயணம்

டப்ளினிலிருந்து வெஸ்ட்போர்ட் வரை இன்றும் புகைவண்டி ஓடுகிறது. மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணம். அங்கிருந்து நியூபோர்ட் 11 கிலோமீட்டர். காலைத் திருப்பலி கண்டபின் நடக்கத் தொடங்கினோம். மழை பெய்தும் பெய்யாமலும் இருந்தது. அந்நாட்டில் மழைக்குக் காத்திருப்பவன் வீட்டை விட்டே புறப்பட முடியாது.

நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, இது மற்றச் சாலைகளைப் போன்றதன்று என்பதைக் கால்கள் உணர்ந்துகொண்டன. மேடும் பள்ளமுமான நாட்டில் இப்பாதை மட்டும் சமமாகவே செல்கிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆகையால் மேடு வந்த இடத்தில் அதை வெட்டிப் பள்ளமாக்கியும், பள்ளம் வந்த இடத்தில் கரை எழுப்பியும் பாதையைச் சமமாக்கினர் அக்காலப் பொறியாளர். வளைவுகளும் திடீரென்று திரும்புவதில்லை. தாய் குழந்தையைத் திருப்புவது போல் மெல்லத் திரும்புகின்றன. எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சலுகை இன்று முதியவர்க்கும் சிறுவர்க்கும் உதவுகிறது. கைத்தடி ஊன்றிய பாட்டியார் ஒருவரையும், மூன்று சக்கர வண்டி ஓட்டிய சிறுவன் ஒருவனையும் நாங்கள் அவ்வழியில் கண்டோம். இருவர் முகத்திலும் களைப்பில்லை.

பாதையின் இருமருங்கிலும் வேலிச் செடிகள். கறுத்துப் பழுத்த பிளாக்பெரிக் கனிகளைப் பறித்துத் தின்றுகொண்டே நடந்தோம். இடையிடையே, சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு மணிகளைப் போல ஃபூஷியா மலர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஐரிஷ் மொழியில் இம்மலருக்கு வழங்கும் பெயருக்குக் 'கடவுளின் கண்ணீர்' என்பது பொருள். தூறல் நின்றதும் ஒவ்வொரு மலரின் நுனியிலும் ஒரு துளி நீர் நின்றது. பெயரின் பொருத்தம் விளங்கிற்று.

மேகம் விலகிய வேளையில் தெற்கே குரோ பேட்ரிக் மலை தெரிந்தது. 764 மீட்டர் உயரமுள்ள, கூம்பு வடிவமான மலை. அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்ரீசியார், கி.பி. 441இல் இம்மலையுச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்து அம்மக்களுக்காக மன்றாடினார் என்பது மரபு. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் இம்மலை மீது ஏறுகின்றனர். கூரிய கற்களின்மேல் வெறுங்காலுடன் ஏறுவோரும் உண்டு. உச்சியில் 1905இல் கட்டப்பட்ட சிற்றாலயம் ஒன்று உள்ளது. மலையடிவாரத்திலோ, பெரும் பஞ்சத்தில் மாண்டோரின் நினைவாக, எலும்புக்கூடுகள் பாய்மரக் கயிறுகளாகப் பின்னிய வெண்கலக் கப்பல் ஒன்று 1997ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. உச்சியில் நம்பிக்கையும் அடியில் துயரமும்! மேயோ மக்களின் வரலாறு முழுவதும் அந்த ஒரே மலையில் எழுதப்பட்டிருக்கிறது.

பிற்பகலில் நியூபோர்ட்டை அடைந்தோம். ஆற்றின் குறுக்கே, சிவப்பு மணற்கல்லால் எழுப்பிய ஏழு வளைவுகளையுடைய பழைய இருப்புப்பாதைப் பாலம் கம்பீரமாக நிற்கிறது. அதன்மேல் இன்று ஓடுவன மனிதக் கால்களே. ஊருக்கு மேலே குன்றின்மீது புனித பத்ரீசியார் ஆலயம். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் எழுப்பப்பட்ட இவ்வாலயத்தின் பீடத்திற்குப் பின்னுள்ள மூன்று பகுதிச் சாளரத்தில், ஹாரி கிளார்க் என்னும் புகழ்பெற்ற கண்ணாடி ஓவியர் இறுதித் தீர்வையைத் தீட்டியுள்ளார். காசநோயால் நலிந்து, 1931ஆம் ஆண்டு ஜனவரியில் தம் 41ஆம் வயதில் காலமான அவருடைய கடைசிப் படைப்புகளுள் ஒன்று அது. மாட்சியில் வீற்றிருக்கும் ஆண்டவரின் ஒருபுறம் மீட்புப் பெற்றோர், மறுபுறம் தண்டனைக்குரியோர். அத்தண்டனைக்குரியோர் நடுவே ஓவியர் தம் உருவத்தையே வரைந்துவைத்தார் என்று கூறுகின்றனர். மாலை வெயில் அச்சாளரத்தின் நீலத்திலும் சிவப்பிலும் புகுந்து தரையில் விழுந்தது. நெடுநேரம் முழங்காலிலிருந்தோம்.

இரண்டாம் நாள்: மிதிவண்டியில்

நியூபோர்ட்டிலிருந்து மல்ரானி 18 கிலோமீட்டர்; அங்கிருந்து அக்கில் 13 கிலோமீட்டர். மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வழிமுடிவில் ஆளையும் வண்டியையும் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விடவும் வண்டிகள் உண்டு. கடற்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசுவதால், அறிந்தவர்கள் முதலில் அக்கில் சென்று அங்கிருந்து கிழக்கு நோக்கி மிதித்து வருவார்கள். நாங்களோ பழைய புகைவண்டி போன வழியே போக விரும்பியதால், காற்றை எதிர்த்தே மிதித்தோம்.

நியூபோர்ட்டைக் கடந்ததும், பாதைக்குச் சற்று விலகி, நீர்க்கரையில் பரிசூல் மடத்தின் இடிபாடுகள் உள்ளன. ஏறக்குறைய 1470இல் புனித சாமிநாதர் சபைத் துறவியருக்காகக் கட்டப்பட்ட மடம் இது. பாப்பரசரின் அனுமதியைக் கேளாமலே கட்டிவிட்டனராம்! 1486இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் அத்துறவியரை மன்னிக்கும்படி ஆணையிட்டார். கூரை இழந்த ஆலயத்தினுள் இன்று கல்லறைகளும் புல்லுமே உள்ளன. எனினும் கோபுரம் இன்னும் நிற்கிறது. வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலங்களிலும் இக்கரையோர மக்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

அதன்பின் பாதை சதுப்பு நிலத்தினூடே செல்கிறது. ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து, நிலம் முழுவதும் ஊதாக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. மக்கள் அச்சதுப்பு மண்ணைச் செங்கல் போல் வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பது நெடுங்கால வழக்கம். வலப்புறம் மலைத்தொடர்; இடப்புறம் குளூ விரிகுடா. நாளுக்கொன்றாக 365 தீவுகள் உண்டென்று பெருமையாகச் சொல்லப்படும் அவ்விரிகுடாவில், பச்சைக் குன்றுகள் பாதி மூழ்கியவை போல் மிதக்கின்றன. அதன் கரையில் பதினாறாம் நூற்றாண்டுக் கடற்தலைவி கிரேஸ் ஒமாலியின் கோட்டை தனித்து நிற்கிறது. தம் மகனையும் உடன்பிறந்தானையும் சிறைமீட்க 1593இல் இலண்டன் சென்று, எலிசபெத் அரசியை நேருக்கு நேர் சந்தித்த வீரத்தாய் அவர்.

வழியெங்கும் ஆடுகள். அவை பாதையைத் தமக்கே உரியதாக எண்ணிப் படுத்திருக்கின்றன. மணியடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கின்றன. அவற்றை ஓட்டிவந்த வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

அவர் வாயிலாகவே ஓர் உண்மையை அறிந்தோம். இருப்புப்பாதை மூடப்பட்டபின் அதன் நிலம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கே போய்விட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் மாவட்ட மன்றத்தார் இப்பசுமை வழியை அமைக்க எண்ணியபோது, சட்டத்தைக் காட்டி நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்களிடம் ஒவ்வொருவராகச் சென்று அனுமதி கேட்டனர். உரிமை விவசாயியிடமே இருக்கும். பிறர் நடந்து செல்ல அவர் இசைவளிப்பார் என்பதே ஏற்பாடு. அவ்வாறு, 2010இல் நியூபோர்ட்–மல்ரானிப் பகுதி முதலில் திறக்கப்பட்டது. 2011இல் வழி முழுமை பெற்றது.

"உங்கள் நிலத்தில் அயலார் நடப்பது உங்களுக்கு இடையூறு இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"என் பாட்டனாரிடம் இருப்புப்பாதைக்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் வந்து கேட்டார்கள். கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்வது கடினம் அல்லவா?" என்றார் அவர். பின்னர், "ஆட்டுக் கதவை மட்டும் மறவாமல் சாத்திவிட்டுப் போங்கள்" என்று சிரித்தார்.

நிலத்திற்காக ஒரு நூற்றாண்டு போராடிய மக்களின் பேரர்கள், அந்நிலத்தின் ஒரு கீற்றை ஊராருக்கும் அயலாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். வரப்புத் தகராறுக்காக நீதிமன்றம் ஏறும் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. இவ்வழி பெற்ற வெற்றியைக் கண்டு அயர்லாந்தின் பிற பகுதிகளிலும் இத்தகைய வழிகள் எழுந்தன. வாட்டர்ஃபோர்டில் 46 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 2017இல் திறக்கப்பட்டது.

நண்பகலில் மல்ரானியை அடைந்தோம். இருப்புப்பாதைக் கம்பெனியார் 1897இல் திறந்த பெரிய விடுதி, கடலைப் பார்த்தவாறு இன்றும் இயங்குகிறது. செல்வந்தர்கள் காற்று வாங்குவதற்காகப் புகைவண்டியில் வந்து இறங்கிய இடம் அது. ஆனால் அதே வண்டியில் மூன்றாம் வகுப்பில் ஏறி எதிர்த்திசையில் போனவர்களின் கதை வேறு.

இரண்டு வண்டிகள்

பதினேழாம் நூற்றாண்டில் மேயோவில் பிரையன் ருவா என்பவர் வாழ்ந்தார். வருங்காலம் உரைக்கும் வரம் அவருக்கு இருந்ததாக மக்கள் நம்பினர். நெருப்பும் புகையும் கக்கும், இரும்புச் சக்கரம் பூண்ட வண்டிகள் ஒருநாள் அக்கிலுக்கு வரும் என்றும், முதலாவதாக வரும் வண்டியும் இறுதியாக வரும் வண்டியும் பிணங்களைச் சுமந்து வரும் என்றும் அவர் கூறியதாகச் செவிவழிச் செய்தி உண்டு.

அக்கில் தீவில் விளைநிலம் குறைவு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இளைஞரும் இளம்பெண்களும், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவரும் கூட, ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுவார்கள். அங்கே பண்ணை பண்ணையாகச் சென்று உருளைக்கிழங்கு அகழ்வார்கள். ஈர மண்ணில் நாள் முழுவதும் முழங்காலிட்டு வேலை. இரவில் மாட்டுக் கொட்டிலிலோ வைக்கோற் பரப்பிலோ உறக்கம். இலையுதிர் காலம் முடிந்து அவர்கள் கொண்டுவரும் கூலியைக் கொண்டே குத்தகையும் கடைக்கடனும் தீர்க்கப்படும்.

1894ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், அவ்வாறு புறப்பட்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே பாய்மரப் படகில் ஏறி, வெஸ்ட்போர்ட் துறையில் காத்திருந்த நீராவிக் கப்பலை நோக்கிச் சென்றனர். துறையை நெருங்கியதும், பெருங்கப்பலைக் காணும் ஆவலில் பலர் ஒரே பக்கமாய் எழுந்து சாய்ந்தனர். படகு கவிழ்ந்தது. பாயும் கயிறும் அவர்கள்மேல் விழுந்தன. 32 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் இளம்பெண்கள். அப்பொழுது அக்கில் வரையிலான இருப்புப்பாதை முறைப்படி திறக்கப்படவில்லை. ஆயினும் அவர்களுடைய சடலங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அப்பாதையில் அக்கிலுக்குச் சென்றது. தீவை நோக்கி வந்த முதல் வண்டி அதுவே.

கடலோரப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கு, கரையில் காத்திருந்த அத்தாய்மாரின் ஓலத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. இருப்புப்பாதையை மூடுவதற்கு முடிவு செய்யப்பட்டிருந்த வேளை. 1937 செப்டம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகில் கர்க்கின்டிலாக் என்னும் ஊரில், அக்கிலிலிருந்து கிழங்கு அகழச் சென்ற குழுவினர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. ஆண்கள் உறங்கிய பகுதியில் இருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் மூத்தவனுக்கு வயது 23, இளையவனுக்கு 13. உடன்பிறந்தோரும் அவர்களிடையே இருந்தனர். பெண்கள் உயிர் தப்பினர். சடலங்கள் கப்பலில் டப்ளினுக்கும், அங்கிருந்து புகைவண்டியில் அக்கிலுக்கும் கொண்டுவரப்பட்டன. அம்மாதம் முடிவதற்குள் பாதை மூடப்பட்டது.

முன்னோன் உரைத்தது பலித்தது என்று மக்கள் கூறினர், இன்றும் கூறுகின்றனர்.

கல்லறையின் முன்

அக்கில் சவுண்டு என்னுமிடத்தில் பசுமை வழி முடிவுறுகிறது. அங்கே தீவையும் நிலத்தையும் இணைக்கும் பாலத்திற்கு மைக்கேல் டேவிட்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பாலத்தைக் கடந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் கில்டாவ்னெட். 'தாவ்னெட் என்னும் புனிதையின் கோவில்' என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். கடல்மருங்கில் உள்ள அக்கல்லறைத் தோட்டத்தில்தான் 1894இல் மூழ்கியோரும் 1937இல் எரிந்தோரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். முதல் வண்டியில் வந்தவர்களும் இறுதி வண்டியில் வந்தவர்களும் ஒரே மண்ணில் உயிர்ப்புக்காகக் காத்திருக்கின்றனர்.

என் தங்கை மகள் அங்குப் பொறித்திருந்த பெயர்களையும் வயதுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் விமானத்தில் வந்தேன்; இவர்கள் பாய்மரப் படகில் போனார்கள். வீட்டுக் கடன் என்னும் சுமை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்" என்றாள்.

அவள் கூறியதற்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவள் இந்நாட்டிற்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவள் அனுப்பும் பணத்தால் ஒரு வீடு எழுந்தது; தம்பி ஒருவன் படித்து முடித்தான். அவள் தொலைபேசியில் நலம் என்று சொல்லும்போதெல்லாம் நலம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரவுப் பணி முடிந்து, விடியாத குளிரில் தனியே அறை திரும்பும் வேளைகளைப் பற்றி அவள் எழுதியதில்லை. அன்று, அக்கல்லறைச் சுவரின்மீது அமர்ந்து, முதன்முறையாக அவற்றையெல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீர்க்கதரிசனத்தைப் பற்றியும் அங்கே சிந்தித்தேன். அத்தகைய செவிவழிச் செய்திகளை நம்ப வேண்டுமென்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. முன்னோன் ஒருவன் உரைத்ததால் அக்கன்னியரும் சிறுவரும் இறக்கவில்லை. அளவுக்கு மீறி ஆளேற்றிய படகும், மனிதர் உறங்கத் தகாத கொட்டகையும் அவர்களைக் கொன்றன. ஏழைகள்தாமே என்ற எண்ணம் அவ்விரண்டுக்கும் பின்னே நின்றது. அதை விதி என்று சொல்லிவிட்டால், யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நல்லவேளையாக, அயர்லாந்து அதோடு நிற்கவில்லை. தீ விபத்திற்குப் பின், ஆண்டுதோறும் பிரிட்டனுக்குக் கூலி வேலைக்குப் போவோரின் நிலைமையை ஆராய அரசு குழு ஒன்றை அமைத்தது. செத்தபின்னரே கண் திறந்தது; ஆயினும் திறந்தது.

அந்த வறிய நாட்டிலிருந்துதான் நம் தமிழகத்திற்கும் உதவி வந்தது என்பதை நினைவுகூர்தல் தகும். நானோ நேகிள் அம்மையார் கார்க் நகரில் ஏழைச் சிறுமிகளின் கல்விக்காக 1775இல் நிறுவிய சபையைச் சேர்ந்த பிரசன்டேஷன் கன்னியர், 1842இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கினர். அதன்பின் மூன்று ஆண்டுகளில் அவர்தம் தாய்நாட்டைப் பஞ்சம் பற்றிக்கொண்டது. அந்நாளில் நமக்கு எழுத்தறிவிக்க அங்கிருந்து பெண்கள் வந்தனர். இந்நாளில் அங்குள்ள நோயாளரைப் பேண இங்கிருந்து பெண்கள் போகின்றனர். ஆண்டவருடைய கணக்கில் எந்தக் கொடையும் வீணாவதில்லை போலும்.

வழி நமக்குச் சொல்வது

துயரம் நிகழ்ந்த இடத்தில் மக்கள் மகிழ்ந்து விளையாடுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு நாட்கள் அவ்வழியில் சென்ற எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. மறக்கப்பட்ட பாதை முட்புதராய்க் கிடந்தபோது, இறந்தோரை நினைத்தவர் அவ்வூரார் மட்டுமே. இன்று எங்கெங்கிருந்தோ வருகின்றவர்களும் அக்கல்லறை வரை சென்று அப்பெயர்களைப் படிக்கின்றனர். வேலை இல்லாமையால் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய அதே ஊர்களில், இப்பாதையின் பயனாகச் சிற்றுண்டிக் கடைகளும் மிதிவண்டிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் நடக்கின்றன. சில பிள்ளைகளாவது வீட்டோடு இருக்கின்றனர். புகைவண்டி செய்யாமற்போன நன்மையை, புகைவண்டி போன தடம் செய்கிறது.

நம் பங்குகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாத குடும்பம் இன்று அரிது. வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைப்போரும், குளிர்நாடுகளில் இரவு விழிப்போரும் நம் வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணுகின்ற நாம், அவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்கிறோமா? உண்டாயா என்று கேட்பதோடு, உன் அறையில் உன்னோடு எத்தனை பேர், உன் கடவுச்சீட்டு உன்னிடம் இருக்கிறதா, ஞாயிறு திருப்பலிக்குப் போக முடிகிறதா, அழத் தோன்றும்போது யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறோமா? பணம் வந்துவிட்டதென்று சொல்வதற்கு மட்டும் தொலைபேசியை எடுக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுவோம்.

குடும்ப செபமாலையின் முடிவில், தூர நாட்டில் உள்ள பிள்ளையின் பெயரை ஒவ்வொரு நாளும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வாறே, பிழைப்புத் தேடிப் போன வழியில் மாண்டுபோன, நாம் பெயரறியாத அத்தனை பேருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். குளூ விரிகுடாவில் மூழ்கிய பெண்களும், கர்க்கின்டிலாக்கில் எரிந்த சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். புனித பத்ரீசியார் மன்றாடிய மலையின் எதிரே அடங்கியிருக்கும் அந்த ஆன்மாக்களுக்கு ஆண்டவர் தம் ஒளியில் இளைப்பாறுதல் அருள்வாராக.